கூடுதல் நீளம்

விடுதிக் கட்டில் வீட்டுக் கட்டிலைவிட
ஐந்து அங்குலம் நீளமாம்.
கல்லூரி அனுப்பிய பட்டியலில் தடித்த எழுத்தில் இருக்கிறது.
அம்மா ஈரி நகரத்தில் மூன்று கடை ஏறி இறங்கி
சாம்பல் நிற விரிப்பு இரண்டு வாங்கி வந்துவிட்டாள்.
இன்னும் ஐந்து அங்குலத்துக்கு
என்னிடம் ஆள் இல்லை.

பதினெட்டு வயதில் ஒருத்தி ஓய்வூதியம் கேட்டால்
சிரிப்பார்கள், தெரியும்.

ஆகஸ்ட் முழுக்க பவுலிங் கூடத்தில் வேலை.
வாடகைக் காலணிகள் திரும்பி வரும், வெதுவெதுப்பாக.
ஒவ்வொன்றின் வாயிலும் இரண்டு முறை மருந்தடித்து
எண் பார்த்துச் செருகுவேன்.
ஏழு, ஏழரை, எட்டு.
எட்டு, ஏழைவிடக் கெட்டிக்காரி இல்லை.
இந்த வேலையில் எனக்குப் பிடித்தது அதுதான்.
பிடிக்காதது, பின்னால் இருக்கும் இயந்திரம்.
விழுந்த கட்டைகளைச் சலிக்காமல் தூக்கி நிறுத்துகிறது,
மறுபடி விழ.

நான்கு வருடம்
நாலே முக்காலுக்கு அலாரம்.
நீச்சல் பயிற்சி முடிந்து
ஜனவரியில் கார் வரைக்கும் நடப்பதற்குள்
ஈர முடி உறைந்து தோளில் கடகடக்கும்.
குளியலறைக் கண்ணாடி நிறைய வேதியியல் அட்டைகள்;
பல் தேய்த்தபடியே படித்ததில்
இன்றும் பற்பசை மணத்தால்
குளோரினின் அணு எண் நினைவுக்கு வருகிறது.
பதினேழு.
சனிக்கிழமைகளில் விலங்குக் காப்பகம்.
அந்த நாய்கள்மேல் எனக்கு அன்பு இருந்ததா தெரியாது,
மணிக்கணக்கு இருந்தது, கையெழுத்தோடு.
பிப்ரவரியில் இடது இமை துடிக்கத் தொடங்கியது.
மே மாதம் பிரெஞ்சுத் தேர்வில்
பெயர் எழுதினேன், டெல்ஃபின் வைட்கஸ் என்று.
பிறகு ஐம்பது நிமிடம்
அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
எங்கோ பார்த்த பெண் மாதிரி இருந்தது.

பட்டமளிப்பில் எல்லோரும் தொப்பி எறிந்தோம்.
என்னுடையது இறங்கும்போது
ஓவன் ப்ருஸ்கியின் கண்ணில் பட்டது.
அவன் ரயில் எஞ்சின் ஆலைக்குப் போகிறான்.
‘உனக்கென்ன, பிட்ஸ்பர்க்’ என்றான்
ஐஸ்கட்டியை இமையில் அழுத்திக்கொண்டு.
எனக்கென்ன.

‘வாழ்க்கையிலேயே பொன்னான நாலு வருஷம்’ என்கிறார்கள்
காலணி திருப்பித் தருகிறவர்கள்.
போன நாலு வருடத்தை
இந்த நாலைக் காட்டித்தான் என்னிடம் விற்றார்கள்.
இதை எதைக் காட்டி விற்பார்கள் என்று
கேட்கத் தோன்றும். சில்லறையை எண்ணிக் கொடுப்பேன்.

அறைத்தோழி செய்தி அனுப்பியிருக்கிறாள்.
குளிர்பெட்டி அவளாம், மைக்ரோவேவ் நானாம்.
வாக்கியத்துக்கு மூன்று ஆச்சரியக்குறி.
‘சரி’ என்று தட்டி, ஒரு ஆச்சரியக்குறி போட்டு,
அழித்து, மறுபடி போட்டேன்.
அதற்கே படுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கோடையில் வாசிக்கச் சொன்ன புத்தகம்
முன்னூறு பக்கம். நான் பதினொன்றில் நிற்கிறேன்.
வரிகள் இந்தக் கண்ணில் ஏறி அந்தக் கண்ணில் இறங்கிவிடுகின்றன.

நேற்றிரவு தூக்கம் வராமல்
உறை கிழித்து விரிப்பை என் கட்டிலில் விரித்தேன்.
கால் பக்கம் தரையில் வழிந்தது.
ஓரத்தில் தைத்திருந்த துண்டுத் துணியில்
பொடி எழுத்து:
குளிர்ந்த நீரில் துவைக்கவும்.
வெளுப்பான் சேர்க்க வேண்டாம்.
முறுக்கிப் பிழிய வேண்டாம்.
மாதக்கணக்கில்
நான் முழுதாகப் படித்து முடித்தது இதைத்தான்.
இன்னொரு முறையும் படித்தேன்.
யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து அம்மா வந்தாள்,
வேலை பூட்ஸைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.
‘துவைக்காமலா விரித்தாய்’ என்றாள்.
பிறகு குனிந்து
அந்த ஐந்து அங்குலத்தை மெத்தைக்கடியில் செருகினாள்.
‘இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது’ என்றாளா,
‘பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது’ என்றாளா,
சரியாகக் கேட்கவில்லை.
கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை.